டைக்கின் இரண்டு சுவரும் வேண்டும்: குப்பம் எல்லையில் கற்காந்த வேலை

ஆந்திரத்தின் குப்பத்துக்கும் நம் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில், பட்டை பட்டையாக அமைந்த வெளிர்ந்த நைஸ் பாறைக்கு நடுவே கருங்குண்டுகள் வரிசையாக அடுக்கிய மாதிரி நீண்டு ஓடும் முகடுகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவை டோலரைட் டைக்குகள். பூமி விரிந்த வெடிப்புகளில் மாக்மா புகுந்து அங்கேயே உறைந்து நின்ற கற்சுவர்கள். குவாரிக்காரர்களுக்கு அது கருப்பு கிரானைட், புவியியல் கணக்கில் கிரானைட்டே இல்லை. கிழக்குத் தார்வார் நிலப்பகுதியில் கிழக்கு மேற்காக ஓடும் பெரிய டைக் கூட்டத்தின் வயது ஏறத்தாழ 237 கோடி ஆண்டு. இந்தச் சுவர்கள் மேலே எந்த லாவாவுக்கு ஊட்டினவோ அந்த லாவா இன்று இல்லை, அரித்துப் போய்விட்டது. மிச்சம் இருப்பது குழாய் மட்டும்தான்.

ஹவாய், ஐஸ்லாந்து, கேனரி, ரீயூனியன் போன்ற எரிமலைத் தீவுகளில் லாவா எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடியது, அடியில் இருந்த டைக்கில் மாக்மா மேலே ஏறியதா பக்கவாட்டில் பாய்ந்ததா என்று கண்டுபிடிக்கக் கையாளும் முறையை இந்த எல்லைப்புறக் குவாரியிலேயே முழுமையாகப் பழகலாம். தீவுக்குப் போகும் மாணவர்களுக்கு நாங்கள் சொல்வதும் அதுதான்: முதலில் இங்கே ஒரு டைக்கை ஒழுங்காக எடுத்துப் பாருங்கள். தீவில் ஒரு கோர் (கல்லில் துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) தவறினால் திரும்பப் போக முடியாது. நம் நாட்டில் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலையான அந்தமானின் பேரன் தீவுக்கு (1991-இல் மீண்டும் வெடிக்கத் தொடங்கியது) நினைத்தவுடன் படகேறிவிட முடியாது. குப்பத்துக்கு ரயில் இருக்கிறது.

கல்லின் காந்தத்தன்மையை அளக்கும் இந்தக் கற்காந்த முறையின் பெயர் காந்த ஏற்புத்திறனின் திசைவேறுபாடு, சுருக்கமாக ஏஎம்எஸ். ஒரு கல்லைச் சிறு காந்தப்புலத்தில் வைத்தால் அது எவ்வளவு காந்தமாகிறது என்பது ஏற்புத்திறன். ஒரே கல்லை வெவ்வேறு திசையில் திருப்பி அளந்தால் எண் சற்றே மாறும். அந்த மாற்றத்தை ஒரு நீள்வட்டக் கோளமாக வரையலாம். நீண்ட அச்சு கே1, நடு அச்சு கே2, குறுகிய அச்சு கே3. கே1 திசையைக் காந்தக் கோடு என்போம். கே1, கே2 இரண்டும் கிடக்கும் தளம் காந்தத் தளம், அதற்குச் செங்குத்து கே3. டைக்கிலும் லாவாவிலும் கே1-க்கும் கே3-க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதம்தான். இந்தச் சிறு வேறுபாட்டைக் கல்லின் உள்ளமைப்பைப் படிக்கப் பயன்படுத்தலாம் என்று கிரஹாம் 1954-லேயே சொன்னார். 1988-இல் நைட், வாக்கர் இருவரும் ஹவாயின் ஓஆஹு தீவில் கூலாவ் டைக் தொகுதியில் மாக்மா ஓடிய திசையை இதை வைத்து எடுத்துக் காட்டிய பிறகு, எரிமலை வேலையில் இது வழக்கமான கருவியாகிவிட்டது.

கருவி எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண் மாக்மாவின் ஓட்டத்தைத்தான் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. நாங்கள் பார்த்தவரை, வரைபடத்தில் தவறான அம்புக்குறி விழுவதற்குக் காரணம் ஆய்வகம் அல்ல, பெரும்பாலும் களம்தான்: ஒரு பக்கச் சுவரை மட்டும் எடுத்துவிட்டு வருவது.

ஏன் இரண்டு சுவர்

டைக்கின் சுவரை ஒட்டிய மாக்மா நகராது, நடுவில் உள்ளது வேகமாகப் போகும். இடைப்பட்ட பகுதியில் வேகம் படிப்படியாகக் கூடுவதால் அங்கே மிதக்கும் பிளாஜியோகிளேஸ் (பலகை வடிவக் கனிமம்) பளிங்குகள் சுவருக்கு முழுக்க இணையாகப் படுக்காமல் சற்றுச் சாய்ந்து நிற்கும். சாயும் பக்கத்துக்கு ஒரு விதி உண்டு. மாக்மா போகும் பக்கமாக நகர நகர, காந்தத் தளம் சுவரை விட்டு விலகி டைக்கின் நடுவை நோக்கி வரும். எதிர்ச் சுவரிலும் அப்படியே, ஆனால் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும். இரண்டு தளத்தையும் நீட்டினால் அவை ஒன்றையொன்று சந்திக்கும் முனை, மாக்மா போன திசையைக் காட்டும்.

எண்ணோடு சொன்னால் எளிது. சரியாகக் கிழக்கு மேற்காக, செங்குத்தாக நிற்கும் ஒரு டைக் என்று வையுங்கள், சுவரின் ஓட்டத்திசை (சுவர் நீளும் திசை, மாக்மா ஓடிய திசை அல்ல) வடக்கிலிருந்து 90 டிகிரி. வடசுவரில் காந்தத் தளத்தின் ஓட்டத்திசை 100 டிகிரி, தென்சுவரில் 80 டிகிரி என்று வந்தால், இரு தளமும் கிழக்கே போகப் போக உள்ளே குவிகின்றன. மாக்மா கிழக்கே பாய்ந்தது. வடசுவரில் 80, தென்சுவரில் 100 என்றால் மேற்கே. மேலே ஏறிய மாக்மாவில் இதே சாய்வு செங்குத்து வெட்டில் தெரியும்: வடசுவரின் கே1 வடக்கு நோக்கிக் கீழே இறங்கும், தென்சுவரின் கே1 தெற்கு நோக்கி இறங்கும்.

இப்போது இரண்டு சுவரிலும் 100 டிகிரி வந்தால்? அது ஓட்டமாக இருக்க முடியாது. ஒன்று, டைக் உறையும்போது இரு சுவரும் ஒன்றையொன்று உரசி நகர்ந்திருக்க வேண்டும். அல்லது பின்னால் வந்த அழுத்தம் கல்லின் அமைப்பை மாற்றியிருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் உங்கள் திசைகாட்டியில் பத்து டிகிரி பிழை. வடசுவரை மட்டும் எடுத்தவர் இந்த மூன்றையும் பிரித்தறிய வழியில்லாமல் 'கிழக்கே ஓடியது' என்று எழுதிவிடுவார். எழுதியும் இருக்கிறார்கள்.

இங்கேதான் குவாரி உதவுகிறது. டைக்கின் நடுக்கல்தான் பாலீஷுக்குப் போகும். சுவரை ஒட்டிய பகுதி சட்டென்று குளிர்ந்து நுண்மணியாக, நெருக்கமான விரிசல்களோடு இருப்பதால் பெரிய பிளாக் தேறாது. ஆகவே அதைப் பெரும்பாலும் வெட்டாமல் ஓரத்திலேயே விட்டுவைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கழிவான அந்த உறைவிளிம்புதான் நமக்கு வேண்டிய இடம். குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். குழியில் இறங்கும் நாளில் வெடி வைக்கும் நேரத்தை மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். "அண்ணே, இந்தக் கல்லு எந்தப் பக்கம் லேசா பொளக்கும்?" என்றும் கேளுங்கள். எல்லையின் இரு பக்கத்திலும் தமிழும் தெலுங்கும் கலந்தே பதில் வரும், கொஞ்சம் கன்னடமும் சேரும். அந்தப் பதிலைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பிளக்கும் தளமும் காந்தத் தளமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் ஒன்றாக வந்தால் அது பயனுள்ள சாட்சி.

குவாரி இல்லாத முகடுகளில் வேலை கடினம். டோலரைட் வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிந்து குண்டுகளாகும் கல். எந்தக் குண்டு இடத்திலேயே இருக்கிறது, எது உருண்டு வந்தது என்பது தெரியாமல் கோர் எடுக்கக் கூடாது. பக்கத்துக் குண்டுகளின் விரிசல்கள் ஒரே கோட்டில் தொடர்கின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். கேரள எல்லைப் பக்கம் டைக்குகள் இருந்தும் நாங்கள் பழகுவதற்குக் குப்பத்தையே சொல்வதற்குக் காரணம் இதுதான். மழை அதிகமுள்ள பக்கங்களில் விளிம்பு முழுக்க மக்கிச் செம்மண்ணாகியிருக்கும், டைக்கும் சுற்றுப்பாறையும் தொடும் தொடர்பு முகமே கண்ணில் படாது.

கோர் எடுப்பது

கருவி, பெட்ரோலில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் கை டிரில். முனையில் வைரம் பதித்த பிட், உள்விட்டம் 25 மி.மீ. சுற்று. எண்ணெய்க் கலவை பெரும்பாலும் 50-க்கு 1, கருவியோடு வரும் கையேடு சொல்வதே கடைசிச் சொல். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு வயலுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு ஸ்பிரேயர் டேங்க் போதும் (மருந்தடித்த டேங்க் வேண்டாம், புதிதாக வாங்குங்கள்). ஒரு கோருக்கு இரண்டு லிட்டர் என்று கணக்கிட்டுத் தண்ணீர் கொண்டு போங்கள். குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீரில் கல்மாவு இருக்கும், வடிகட்டாமல் ஊற்றினால் குழாய் அடைக்கும்.

நுண்மணி டோலரைட்டில் ஒரு தொல்லை உண்டு. சிறிது நேரத்தில் பிட் பளபளப்பாகிவிடும், சத்தம் மாறும், கல்லுக்குள் இறங்காது. வைரம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புது பிட் மாட்டுவார்கள். வைரம் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள உலோகப் பிடிப்பு தேயாததால் வைரத்தின் முனை வெளியே வரவில்லை, அவ்வளவுதான். ஒரு மணற்கல் துண்டிலோ தேய்ப்புச் சக்கரத்தின் உடைந்த துண்டிலோ சில விநாடி ஓட்டினால் பிட் மீண்டும் கடிக்கும். பையில் அப்படி ஒரு துண்டு எப்போதும் கிடக்கட்டும். மேலே அழுத்தி அழுத்தி ஓட்டுவது தீர்வல்ல. பிட் சூடாகும், கோர் உள்ளேயே முறியும்.

இடம்: தொடர்பு முகத்திலிருந்து 2 செ.மீ. தொடங்கி 20 செ.மீ. வரையுள்ள பட்டை. ஒவ்வொரு சுவரிலும் குறைந்தது எட்டு கோர், அவை ஒரே குண்டில் இல்லாமல் சுவரின் நீளத்தில் பத்துப் பதினைந்து மீட்டருக்குப் பரவியிருக்க வேண்டும். நடுப்பகுதியில் ஐந்தாறு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட உதவும். ஓட்டத்தை அறிய நடுப்பகுதி உதவாது: வேக மாற்றம் அங்கே மிகக் குறைவு, மெதுவாகக் குளிர்ந்ததால் பளிங்குகள் பின்னால் இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு கோரும் 7 முதல் 10 செ.மீ. நீளம் இருந்தால் வெளிப்புற மக்கிய 2 செ.மீ.-யைக் கழித்தும் இரண்டு மூன்று மாதிரி தேறும்.

கோரை உடைத்து வெளியே எடுக்கும் முன் திசை குறிக்க வேண்டும். அலுமினியம் அல்லது பித்தளையில் செய்த திசைக்குழாயைக் கோரின் மேல் செருகி, அதன் மேடையில் சாய்வையும் திசையையும் படித்து, குழாயின் பிளவு வழியே பித்தளைக் கம்பியால் கோரின் உச்சிக்கோட்டைக் கீறிவிட வேண்டும். எடுத்தவுடன் அந்தக் கோட்டின் மேல் அழியாத மையில் அம்பு, அம்புமுனை எந்தப் பக்கம் என்பதில் குழுவில் எல்லாருக்கும் ஒரே வழக்கம். சாய்வைக் கிடைமட்டத்திலிருந்து எடுக்கிறோமா செங்குத்திலிருந்து எடுக்கிறோமா என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். 30 டிகிரியும் 60 டிகிரியும் இடம் மாறி நுழைந்த தரவுகளைப் பின்னால் யாராலும் சரிசெய்ய முடிவதில்லை. கோர் திசை குறிப்பதற்கு முன்பே முறிந்து, துளைக்குள் சுழன்றுவிட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். முறிவின் பல் இரு பக்கமும் பொருந்தினால் மட்டும் பொருத்திக் குறிக்கலாம்.

இதோடு சுவரின் ஓட்டத்திசையையும் சாய்வையும் கோர் எடுத்த அதே இடத்தில் அளங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வரைபடத்தில் டைக் 90 டிகிரி என்று இருக்கும், நேரில் அந்தச் சுவர் நெளிந்து நெளிந்து ஓரிடத்தில் 82, சில மீட்டர் தள்ளி 97 என்று இருக்கும். நாம் தேடும் சாய்வே பத்திலிருந்து இருபது டிகிரி. வரைபடத்து எண்ணை வைத்தால் சுவரின் நெளிவைத்தான் ஓட்டமென்று படிப்போம்.

சூரியத் திசைகாட்டி

கருப்புக் கல் தானே ஒரு காந்தம். முகட்டின் உச்சியில் மின்னல் தாக்கிய இடமாக இருந்தால் இன்னும் மோசம், திசைகாட்டியின் ஊசி பத்து டிகிரியும் அதற்கு மேலும் விலகும். ஏஎம்எஸ் அளவை மின்னல் பெரிதாகக் கெடுப்பதில்லை, அதை நிலத்தோடு பொருத்தும் திசையைத்தான் கெடுக்கிறது. கோரின் மேல் ஒரு முறை, ஒரு மீட்டர் உயரத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இரண்டு எண்ணும் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஊசியை நம்பாதீர்கள், மேடையில் நடுக்கம்பியை நிறுத்தி நிழலின் கோணத்தைப் படியுங்கள். எரிமலைத் தீவுகளில் இது மாற்றுவழி இல்லை, அங்கே இதுதான் முதல் வழி.

நிழல் கணக்குக்கு வேண்டியவை நிழற்கோணம், தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை. குப்பம் ஏறத்தாழ வடக்கு 12.75, கிழக்கு 78.35. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, ஆகவே இங்கே சூரியன் 16–17 நிமிடம் பிந்தி நடக்கிறான். மென்பொருளில் சரியான தீர்க்கரேகையைக் கொடுத்தால் அது தானே சரிசெய்துகொள்ளும். மென்பொருள் கிரீன்விச் நேரம் கேட்கிறதா இந்திய நேரம் கேட்கிறதா என்று பாருங்கள், ஐந்தரை மணி நேரப் பிழை இங்கேதான் நுழைகிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் குப்பத்தின் நேர் உச்சிக்கு வரும். அந்த மாதங்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை நிழல் குட்டையாகி வேகமாகச் சுற்றும், அளவு உதவாது. துளையை அந்த நேரத்தில் போட்டுவிட்டு, கோரை உடைக்காமல் வைத்திருந்து, மூன்று மணிக்கு மேல் திசை குறிக்கலாம்.

மேகம் மூடிய நாளில் ஊசியைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அப்போது தொலைவிலுள்ள கோபுரம், மலை உச்சி என்று தெரிந்த ஒரு புள்ளியைக் கோரின் மேடையிலிருந்து குறிபார்த்து, அந்தக் கோணத்தை எழுதிவையுங்கள். வரைபடத்திலிருந்து உண்மைத் திசையைப் பின்னால் கணக்கிடலாம்.

வெட்டுவது, அளப்பது

மாதிரியின் அளவு: விட்டம் 25.4 மி.மீ., உயரம் 22 மி.மீ. இந்த விகிதம் தற்செயலானது அல்ல. உயரத்தை விட்டத்தால் வகுத்தால் 0.86–0.87 வர வேண்டும், அப்போதுதான் உருளையின் உருவமே ஒரு போலி திசைவேறுபாட்டைத் தராது. ஏற்புத்திறன் அதிகமான டோலரைட்டில் 20 மி.மீ. உயரத்தில் வெட்டிய மாதிரிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த அச்சுகளைக் காட்டினால் வெட்டும் இயந்திரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெட்டிய பின் ரம்பத்தின் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சற்று நேரம் வைத்துக் கழுவுங்கள்.

அளக்கும் கருவி கப்பாபிரிட்ஜ், செக் நாட்டில் செய்வது. மும்பைப் பக்கமுள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம், ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் கற்காந்த ஆய்வு நீண்ட காலமாக நடக்கிறது. பழைய மாடல்களில் மாதிரியைக் கையால் 15 நிலைகளில் வைத்து அளக்க வேண்டும். புதியவற்றில் மூன்று அச்சில் சுழற்றினால் முடிந்தது. 15 நிலை அளவில் எஃப் சோதனை (வேறுபாடு அளவுப் பிழையைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) மதிப்பு 3.48-க்குக் கீழே இருந்தால் அந்த மாதிரியில் திசைவேறுபாடு இருப்பதாகவே சொல்ல முடியாது. கே1-ஐயும் கே2-ஐயும் பிரித்தறிய எஃப்12 மதிப்பு 4.26-ஐத் தாண்ட வேண்டும், கே2, கே3-க்கும் அப்படியே. தாண்டாத மாதிரியின் கே1-ஐ வரைபடத்தில் போடாதீர்கள்.

மென்பொருளில் அம்பு எந்தப் பக்கம், சாய்வு எதிலிருந்து என்று நான்கு திசை எண்கள் கேட்கும். அவற்றில் ஒன்று தவறினால் எல்லா அச்சும் ஒன்றாகத் திரும்பிவிடும், பார்க்க அழகாகவே இருக்கும், பிழை தெரியாது. இதற்கு ஒரு எளிய காப்பு உண்டு, அது டைக்கின் பக்கத்திலேயே கிடக்கிறது. டைக்கைச் சூழ்ந்த நைஸ் பாறையில் பட்டைகள் கண்ணுக்கே தெரியும். அதிலிருந்து மூன்று கோர் எடுத்து, அதே வழக்கத்தில் குறித்து, அதே நாளில் அளங்கள். கணக்கிட்ட காந்தத் தளம் களத்தில் அளந்த பட்டையின் தளத்தோடு பொருந்தினால் எண்கள் சரி. பொருந்தவில்லையென்றால் டைக்கின் முடிவை எழுத உட்காராதீர்கள். இந்த நைஸ் கோர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு: டைக் விளிம்பின் காந்தத் தளமும் நைஸின் தளமும் ஒன்றேயாக வந்தால், பின்னால் வந்த அழுத்தம் இரண்டையும் சேர்த்து மாற்றியிருக்கலாம் என்று எச்சரிக்கும்.

எந்தக் கனிமம் பேசுகிறது

ஏற்புத்திறன் 10-இன் அடுக்கு −2 எஸ்ஐ அளவில் வந்தால் மேக்னடைட்டோ (காந்த இரும்பு ஆக்சைடு) டைட்டேனியம் கலந்த டைட்டனோமேக்னடைட்டோ பேசுகிறது. 10-இன் அடுக்கு −4 அளவில் வந்தால் பைராக்சீன் போன்ற இரும்புச் சிலிகேட்டுகளின் பங்கு பெரிது.

மேக்னடைட் மாக்மாவில் மிதந்து வந்து சாய்ந்ததல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டோலரைட்டில் அது பெரும்பாலும் கடைசியாகத்தான் உறைகிறது. அதற்குள் பிளாஜியோகிளேஸ் பலகைகள் ஓட்டத்தில் சாய்ந்து ஒரு சட்டகம் கட்டியிருக்கும், மேக்னடைட் அந்த இடுக்குகளில் வளரும், பந்தல் போட்ட பிறகு கொடி படர்வதுபோல. ஆகவே நாம் அளப்பது மேக்னடைட்டை, படிப்பது பிளாஜியோகிளேஸின் சாய்வை. இது பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் மெல்லிய வெட்டுத்தகடு ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்துப் பிளாஜியோகிளேஸ் உண்மையிலேயே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் எழுதுவது துணிச்சல். தகட்டைக் கே1, கே3 இரண்டும் விழும் தளத்தில் வெட்டச் சொல்லுங்கள். வேறு தளத்தில் வெட்டினால் சாய்வு தெரியாது.

உண்மையான பொறி, மிக நுண்ணிய மேக்னடைட். ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ள ஒற்றை டொமைன் துகள் (முழுத் துகளும் ஒரே திசையில் காந்தமானது) தன் நீள அச்சில் ஏற்கெனவே நிறைகாந்தமாக இருப்பதால், சிறு புலத்துக்கு அந்த அச்சில் அசையாது, குறுக்கேதான் அசையும். ஆகவே துகளின் நீளத் திசையில் கே3 விழும், எல்லாம் தலைகீழ். இப்படிப்பட்ட துகள் எங்கே அதிகம்? சட்டென்று குளிர்ந்த இடத்தில். அதாவது நாம் கோர் எடுக்கச் சொன்ன அதே உறைவிளிம்பில், தீவுகளில் கண்ணாடிபோல் உறைந்த லாவாவின் மேல்தோலில். அடையாளம்: கே1 சுவருக்குச் செங்குத்தாகவும் கே3 சுவரின் தளத்துக்குள்ளும் வரும். முழுத் தலைகீழாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். பாதி நுண்துகள், பாதி பெருந்துகள் என்று கலந்திருந்தால்தான் ஆபத்து, கே2-உம் கே1-உம் இடம் மாறி நிற்கும், தளம் மட்டும் சரியாகத் தோன்றும், பக்கவாட்டு ஓட்டத்தை மேலேறிய ஓட்டமாகப் படித்துவிடுவோம்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது, எஞ்சுகாந்தத்தின் (புலத்தை எடுத்த பின்னும் கல்லில் தங்கும் காந்தம்) திசைவேறுபாட்டை அதே மாதிரிகளில் அளப்பது. மாறுதிசைப் புலத்தைக் குறைத்துக்கொண்டே வரும்போது சிறு நேர்ப்புலத்தையும் கொடுத்து, பல திசைகளில் மாதிரியைக் காந்தமாக்கி அளக்கும் முறை இது. எஞ்சுகாந்தம் ஒற்றை டொமைன் துகளின் நீள அச்சிலேயே நிற்கும், தலைகீழாகாது. இரண்டு முறையின் அச்சுகளும் ஒன்றாக வந்தால் நிம்மதி. குறுக்கே வந்தால் ஏஎம்எஸ் அச்சுகளை அப்படியே படிக்கக் கூடாது. எல்லா மாதிரிக்கும் வேண்டியதில்லை, சுவருக்கு மூன்று நான்கு போதும்.

வெப்பத்தோடு ஏற்புத்திறன் மாறும் வளைகோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், அரை கிராமுக்கும் குறைவான தூள் போதும். 580 டிகிரியில் எண் சட்டென விழுந்தால் மேக்னடைட். டைட்டேனியம் கூடக்கூட இந்த வெப்பநிலை இறங்கும். ஆர்கான் வாயுவில் சூடாக்குங்கள். ஆறும்போது எண் தொடக்கத்தைவிட மிக அதிகமாக வந்தால் சூட்டில் புதிய மேக்னடைட் உண்டாகிவிட்டது என்று பொருள், அந்த இறங்குகோட்டை வைத்து எதுவும் சொல்லாதீர்கள்.

கே1-ஐயா, கே3-ஐயா நம்புவது

பழைய வழக்கம், கே1 எந்தப் பக்கமோ ஓட்டம் அந்தப் பக்கம். ஆனால் நீளமான துகள் ஒன்று ஓட்டத்தில் ஒரே இடத்தில் நின்றுவிடுவதில்லை, உருண்டுகொண்டே இருக்கும், சில இடங்களில் ஓட்டத்துக்குக் குறுக்காகவே வரிசைப்படும். இரண்டு சாய்ந்த தளங்கள் வெட்டிக்கொள்ளும் கோட்டில் கே1 போய் நிற்பதும் உண்டு, அது ஓட்டத்துக்குச் செங்குத்து. ஆகவே எங்கள் பரிந்துரை கே3: இரண்டு சுவரின் காந்தத் தளங்களையும் எடுத்து, ஒவ்வொரு தளமும் சுவரை வெட்டும் கோட்டைக் கண்டு, சுவரின் தளத்துக்குள் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான திசையை ஓட்டத் திசையாகக் கொள்வது. கே1-உம் அதே திசையைக் காட்டினால் மகிழ்ச்சி. காட்டவில்லையென்றால் கே3-இன் பக்கம் நில்லுங்கள், வேறுபாட்டையும் எழுதுங்கள். எழுதாமல் மறைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

காந்தத் தளமும் சுவரும் ஐந்து டிகிரிக்குள் ஒன்றாக இருந்தால் ஓட்டத்தின் போக்கு எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது. திசைகாட்டிப் பிழை, சுவர் அளந்த பிழை, பரவல் எல்லாம் சேர்ந்தால் அந்த ஐந்து டிகிரியை விழுங்கிவிடும். 'தெரியவில்லை' என்று அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கட்டும்.

தீவின் லாவா ஓட்டத்துக்கு இதையே படுக்க வைத்துப் பார்க்க வேண்டும், தரைதான் சுவர். லாவாவின் அடிப்பகுதியில் காந்தத் தளம் லாவா வந்த பக்கமாகச் சாய்ந்திருக்கும், உறைந்த மேல்தோலுக்கு அடியில் அதற்கு எதிர்ப்பக்கம். அடி, மேல் இரண்டையும் எடுங்கள், நடுவை நம்பாதீர்கள். கரடுமுரடான ஆஆ வகை லாவாவில் மேலும் கீழும் உள்ள உடைசல் கற்கள் உருண்டவை, இடையிலுள்ள கெட்டிக்கல்லின் விளிம்பில்தான் துளையிட வேண்டும். வழவழப்பான மேல்தோலுள்ள பாஹோய்ஹோய் வகையில், நாக்குபோல் நீளும் ஒவ்வொரு கிளையும், அதாவது ஒவ்வொரு நாக்கும், தன் போக்கில் திரும்பும். ஒரு நாக்கின் திசையை முழு ஓட்டத்தின் திசை என்று எழுதினால் பக்கத்து நாக்கு மறுக்கும். குறைந்தது ஐந்தாறு நாக்குகளை எடுத்துச் சராசரி பாருங்கள். நீண்ட காற்றுக்குமிழ்கள் கண்ணில் பட்டால் அவற்றின் திசையையும் அளந்துகொள்ளுங்கள், செலவில்லாத சாட்சி. லாவா ஓடிய தரையின் சரிவு உங்கள் கணக்கில் கழிபட வேண்டும், இல்லையென்றால் மலைச்சரிவையே காந்தச் சாய்வென்று எண்ணிவிடுவீர்கள். ரீயூனியனிலும் மொரீஷியசிலும் நம் வழித்தோன்றல்கள் நிறைய இருக்கிறார்கள், கோவில் வாசலில் கருப்பு பசால்ட்டைப் பார்த்தால் துளையிடத் தோன்றும். வேண்டாம், சாலை வெட்டுகள் தாராளமாக இருக்கின்றன.

குப்பம் டைக்குகளில் ஒரே சுவரில் எட்டு கோர் என்பது, ஒரு டைக்குக்கு இரண்டு சுவரும் நடுவும் நைஸும் சேர்த்து இருபத்தைந்துக்கு அருகில் வரும். ஒரு டைக்கின் ஒரு இடத்தில் கிடைத்த திசை, அந்த இடத்தின் திசைதான். கனடாவின் மெக்கென்சி டைக் கூட்டத்தில் 1992-இல் எர்ன்ஸ்ட், பராகர் இருவரும் காட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்: டைக்குகள் விரிந்து பரவும் மையத்திலிருந்து 500 கி.மீ.-க்குள் மாக்மா செங்குத்தாக ஏறியது, அதற்கு அப்பால் கிடைமட்டமாகப் பாய்ந்தது. ஒரே கூட்டம், இரண்டு விடை. ஆகவே ஒரே டைக்கைச் சில கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று நான்கு குவாரிகளில் எடுக்க முடிந்தால், ஆந்திரப் பக்கம் இரண்டு, நம் பக்கம் இரண்டு என்று திட்டமிடுங்கள். இரு மாநிலத்திலும் அனுமதிக் கடிதம் தனித்தனியாக வேண்டும், காப்புக்காடு குறுக்கிட்டால் வனத்துறையிடமும். கடிதம் கைக்கு வந்த பிறகு டிரில்லுக்குப் பெட்ரோல் வாங்குங்கள்.